மச்சுப் பலகையை இழைக்காமல் மீட்டது: காங்கேயம் பக்கத்து வீட்டு மரவேலைப் பதிவு

பழைய வீட்டுத் தேக்குப் பலகையைச் சரி பண்ணித் தர முடியுமா என்று கேட்டால் பாதிப் பேர் முதலில் எடுப்பது இழைப்பு மிஷின்தான். மேலே அரைக்கால் அங்குலம் உரித்துவிட்டால் மஞ்சளாகப் பளிச்சென்று மரம் வந்துவிடும், அதன் மேல் பாலிஷ் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. நான் இங்கே எழுதப்போவது அதற்கு நேர் எதிரான வேலை. மரத்தின் மேல் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துவிட்டு, மரத்தை அப்படியே விடுவது. நேரம் அதிகம் ஆகும், கை வலிக்கும். ஆனால் எண்பது தொண்ணூறு வருஷம் காற்றும் கையும் காலும் பட்டு வந்த அந்தச் செம்பழுப்பு நிறம் தோலில்தான் இருக்கிறது. உரித்தால் போச்சு, எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

வீடு காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தொட்டிக்கட்டு வீடு. முன்னால் ஆசாரம் என்கிற முன்கூடம், நடுவில் தொட்டி என்கிற திறந்த முற்றம், சுற்றிலும் தாவாரம், தென்புறத்து அறைக்கு மேல் மட்டும் மச்சு, அதாவது பலகைத் தளம் போட்ட மேல்தட்டு. அப்பாரு (தாத்தா) கட்டியது. மரமெல்லாம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்தது என்று ஆத்தா சொல்லும். ஆனைமலைத் தேக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் கீழே இறங்கியது. மேலே வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். வெட்டி வெட்டி மொட்டையான அந்தக் காட்டில் தேக்கைத் திரும்ப வளர்த்தெடுத்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி, 1933ல் இறந்த அவருடைய கல்லறை இன்றும் டாப்ஸ்லிப்பில் அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. எங்கள் மச்சுப் பலகை ஒன்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது வளையங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தன. இன்று கடையில் கிடைக்கும் தோட்டத் தேக்கில் அந்த நெருக்கத்தைப் பார்ப்பது கஷ்டம். இப்படிப்பட்ட மரத்தை மிஷினில் கொடுத்துத் தூளாக்க மனசு வரவில்லை.

மச்சின் அமைப்பு எளிமையானது. சுவருக்குச் சுவர் இரண்டு பெரிய உத்திரம், அதன் மேல் குறுக்கே கட்டைகள், கட்டைகள் மேல் ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள பலகைகள். ஏழு அங்குலத்திலிருந்து பதினோரு அங்குலம் வரை அகலம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி, மரம் எவ்வளவு அகலம் கொடுத்ததோ அவ்வளவு. கொல்லுப்பட்டறையில் அடித்த ஆணி. மேலே சோளம், கம்பு, கடலைக்காய், பருத்தி என்று எல்லாம் கொட்டி வைத்திருந்த இடம், அதனால் யாரும் அதற்குப் பாலிஷ் போட்டதே இல்லை. மூட்டையை இழுத்து இழுத்து ஏணி வாயிலிருந்து மூலை வரைக்கும் ஒரு தடம் மட்டும் கண்ணாடியாக வழுவழுப்பாகியிருந்தது.

வேலையை ஆரம்பிக்கும் முன்னால் கூரை. இதை எத்தனை பேர் தள்ளிப்போடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். சீமை ஓடு ரெண்டு விரிசல் விட்டிருந்தாலும் கீழே எண்ணெய் போட்டுத் துடைத்துப் பிரயோஜனம் இல்லை. உடைந்த ஓடுகளை மாற்றி, ஒரு மழை பெய்து, மச்சில் எங்கேயும் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் பலகையில் கை வைத்தோம்.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. கொட்டாப்புளியால் ஒவ்வொரு பலகையாக, ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று பேசும், உள்ளே போனது பொத்தென்று பேசும். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு குத்தூசியால் அழுத்திப் பார்க்கலாம். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும்: தேக்கில் வைரப் பகுதியை, அதாவது நடுவிலிருக்கும் கெட்டி மரத்தை, கரையான் சாதாரணமாகத் தொடாது, அதிலிருக்கும் இயற்கையான சாறு அதற்கு ஆகாது. வெளிறு அப்படி இல்லை. பலகையின் ஓரத்தில் வெளிர் நிறத்தில் ஓடும் அந்த வெளிறில் மாவுச்சத்து உண்டு, உளுக்கிற வண்டு முட்டை வைப்பது அதில்தான். எங்கள் பலகைகளில் பொடி பொடியாகத் துளை விழுந்திருந்ததெல்லாம் ஓரத்து வெளிறில், வைரம் அப்படியே இருந்தது. துளையைப் பார்த்துப் பலகையையே தூக்கிப் போடச் சொன்னவர்களும் உண்டு. அதைக் கேட்கவில்லை.

வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, துளைகளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாளை விரித்து வைத்தால் போதும். புதிதாக மாவு கொட்டினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பலகைகளுக்கு மட்டும் பொராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு என்று சுடுதண்ணீரில் கரைத்து, தூரிகையால் வெளிறு முழுக்கக் குடிக்கிற அளவுக்குப் பூசினோம். தண்ணீர் படாத உள்பக்க மரத்துக்கு இது நல்ல மருந்து. மழை படுகிற இடத்தில் கரைந்து போய்விடும். எண்ணெய் போடுவதற்கு முன்னால் இதைப் பூச வேண்டும், எண்ணெய் குடித்த மரத்துக்குள் இது இறங்காது.

கரையான் வேறு கதை. அது மரத்திலிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வந்தது. எங்கள் சுவர் செம்மண் சாந்தில் கட்டியது, அதன் வழியே மண் கூடு கட்டிக்கொண்டு ஏறி, சுவருக்குள் புதைந்திருந்த உத்திர நுனியைப் பிடித்திருக்கிறது. ஓடு ஒழுகிய மூலையும் அதுதான். ஈரமும் கரையானும் சேர்ந்த இடத்தில் வைரமும் தாங்காது. சுவருக்கும் தரைக்கும் மருந்து ஏற்றுவதற்கு அந்த வேலை தெரிந்த ஆட்களையே கூப்பிட்டோம், கிணறு பக்கத்தில் இருக்கும் தோட்டத்து வீட்டில் இதை நாமே செய்யக் கூடாது.

உத்திரத்தைப் பார்த்துச் சரி பண்ண வந்த ஆசாரி எழுபதைத் தாண்டியவர். மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி வந்து சொன்னார்:

"நுனி முக்கா அடி போயிருச்சுங் தம்பி. மீதியெல்லாம் இரும்பாட்டம் நிக்குது. முழு உத்திரத்த மாத்தச் சொல்லுவாங்க, மாத்தாதீங்க. ஒட்டுப் போட்டுக்கலாம்."

"ஒட்டு பாரம் தாங்குங்களா ஆசாரி?"

"சுவத்துக்குள்ள உக்காரப்போறது தானுங்க அது. சாய்வா நீளமா வெட்டி, போல்ட்டு போட்டு, அடியில ஒரு கல்லு குடுத்துட்டா உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்."

அப்படியே செய்தார். முதலில் கீழே இரண்டு முட்டுக் கொடுத்து உத்திரத்தின் பாரத்தை இறக்கி, உளுத்த நுனியை நல்ல மரம் வரைக்கும் வெட்டி எடுத்தார். பழைய மரக்கடையில் அதே மாதிரிப் பழந்தேக்கு ஒரு துண்டு வாங்கி வந்திருந்தோம், பச்சை மரத்தைப் பழைய மரத்தோடு சேர்த்தால் பச்சை சுருங்கி ஒட்டு வாய் பிளக்கும். சாய்வாக இரண்டையும் செதுக்கி, பசை தடவும் முன் ரெண்டு பக்கமும் அசிட்டோனால் துடைத்தார். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, துடைக்காமல் ஒட்டினால் பசை பிடிக்காது. சுவருக்குள் போகும் நுனியைச் சாந்து வைத்து இறுக்கி அடைக்காமல் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டோம். கீழே கருங்கல் பலகை, பக்கத்தில் காற்று. பழைய நுனி செத்ததற்கு அந்த இடத்தில் காற்று இல்லாததும் ஒரு காரணம்.

பலகைகளைப் பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் எண் போட்டு, எந்தப் பக்கம் கிழக்கு என்று ஒரு அம்புக்குறியும் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். பலகைக்குப் பலகை அகலம் மாறுவதால் இடம் மாறினால் திரும்பச் சேராது. பழைய ஆணியை மேலிருந்து நெம்பினால் மரம் பிய்ந்து வரும், பலகையை அடியிலிருந்து மெதுவாகத் தட்டித் தூக்கினால் ஆணித் தலை தானாக மேலே வரும், அதைப் பிடித்து இழுக்கலாம். நேராக வந்த ஆணிகளையெல்லாம் எடுத்து வைத்து மறுபடியும் அதே ஓட்டையில் அதையே அடித்தோம். வளைந்தவற்றுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போட்டு, தலையைப் பள்ளத்தில் இறக்கி, மேலே தேக்கு முளை வைத்து மூடியாயிற்று.

சுத்தம் பண்ணுவதில்தான் பாதி வேலை. பலகை மேல் இருந்தது ஒரே அழுக்கு இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருந்து. தானியத் தூசியும் புழுதியும் காய்ந்த தூரிகைக்கே போய்விட்டன. சுண்ணாம்பு அடிக்கும்போது சிந்திய வெள்ளைச் சொட்டுகளைச் சுரண்டவே வேண்டாம், வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். விளக்கெண்ணெய் சிந்திக் கறுத்த இடங்களுக்கு டர்பன்டைன். ஆணியைச் சுற்றி வட்டமாகக் கறுத்திருந்ததுதான் பிடிவாதமானது. அது அழுக்கே இல்லை, மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டான கறை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் பள்ளம்தான் விழும், கறை இன்னும் கீழே இருக்கும். அதற்கு ஆக்சாலிக் அமிலம். லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம் அளவில் கரைத்து, கறை மேல் மட்டும் இல்லாமல் பலகை முழுக்க ஒரே சீராகத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் வட்டமாக வெளுப்புத் தெரியும். கண் முன்னாலேயே கறுப்பு விலகும். இது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிறகு சோடா உப்புத் தண்ணீரால் ஒரு முறை, நல்ல தண்ணீரால் பல முறை துடைத்து எடுக்க வேண்டும், காய்ந்து மிச்சம் நிற்கிற தூள் மூக்கில் ஏறினால் எரிச்சல் தாங்காது.

இதெல்லாம் முடிந்த பிறகு முரடு தட்டிய இடங்களுக்கு மட்டும் சுரண்டி. கடையில் விற்கிற ஸ்கிரேப்பர் வேண்டியதில்லை. ஆசாரி பழைய ரம்பத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, விளிம்பை அரத்தில் நேராக்கி, உளியின் முதுகால் அந்த விளிம்பை அழுத்தி இழுத்தார், ஓரத்தில் கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு சிறு மடிப்பு எழும்பியது. அந்த மடிப்புதான் வெட்டும். மரத்தின் ஓட்டத்தோடு தள்ளினால் தூளாக வராது, மெல்லிய சுருளாக வரும், தூள் மட்டும் வந்தால் விளிம்பு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். தேக்கில் மணற்சத்து உண்டு, எந்த இரும்பையும் சீக்கிரம் மழுக்கிவிடும், அதனால் அரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குறுகிய இடங்களில் அவர் உடைந்த கண்ணாடிச் சில்லாலேயே சுரண்டினார், நான் கிட்டே போகவில்லை, பழகிய கை வேண்டும். கடைசியில் 120, 180 எண் உப்புத்தாளால் கையாலேயே ஒரு இழுப்பு. தேக்குத் தூசி மூச்சுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுத்தான் எல்லாம்.

தலைவாசல் கதவும் நிலவும் (கதவைத் தாங்கும் மரச்சட்டம்) இன்னும் கஷ்டம். நிலவின் மேல் கட்டையில் கஜலட்சுமி செதுக்கல். பொங்கலுக்குப் பொங்கல், நோம்பிக்கு நோம்பி யாராவது எண்ணெய் தடவியிருக்கிறார்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், எது கைக்குக் கிடைத்ததோ அது. இதில் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் எத்தனை வருஷமானாலும் காயாத எண்ணெய்கள், நல்லெண்ணெயும் முழுசாகக் காய்வதில்லை. அடுப்புப் புகையும் புழுதியும் மஞ்சள் குங்குமமும் அதில் ஒட்டி ஒட்டி வெல்லப்பாகு மாதிரிப் பிசுபிசுப்பாக ஒரு கறுப்புப் படலம், லட்சுமி முகமே தெரியவில்லை. பாசத்தோடு செய்ததுதான், மரத்துக்குக் கெடுதலும் இல்லை, ஆனால் தெரிய வேண்டியதை மறைத்துவிட்டது. டர்பன்டைனில் நனைத்த துணியை ஒற்றி வைத்து ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் சீவிய மூங்கில் குச்சியாலும் மடிப்பு மடிப்பாக எடுத்தோம். செதுக்கலில் இரும்பு படவே கூடாது. தும்பிக்கையின் நுனியில் வளையம் வளையமாகக் கீறல் போட்டிருந்ததை எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிற யாருமே அதுவரை பார்த்ததில்லை. ஆத்தா நாற்காலியை ஆசாரத்தில் போட்டுக்கொண்டு மதியம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்கதவுகளுக்குப் பச்சை எனாமல் பெயிண்ட். அதற்கு அடியில் வேறொரு படலம் இருந்தது, மறைவான ஒரு மூலையில் பெயிண்டைக் கொஞ்சம் எடுத்துவிட்டு ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்ததும் அது இளகிக் கையில் ஒட்டியது. ஸ்பிரிட்டில் இளகினால் அது அரக்கு, அதாவது அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பாலிஷ். இளகாவிட்டால் வார்னிஷ் அல்லது எண்ணெய்ப் பூச்சு. இந்தச் சோதனை ஒரு நிமிஷ வேலை, இதைச் செய்யாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. எங்களுக்கு இதனால் பெரிய லாபம்: அடியில் அரக்கு இருந்ததால் பெயிண்ட் மரத்துக்குள் இறங்கவே இல்லை.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016ல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்த எதையும் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், தீ காட்டிக் கருக்குவதும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யவே கூடாத காரியம். நாங்கள் கதவுகளைக் கழற்றிக் களத்துக்குக் கொண்டுபோய், கீழே தார்ப்பாய் விரித்து, பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதையெல்லாம் தார்ப்பாயோடு சுருட்டிக் கட்டினோம். வாசலில் மேயும் கோழிகளைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் ஒரே நாளில் வந்துவிடும் என்று சொல்வார்கள். வரும். கூடவே தேக்கு கன்னங்கரேலென்று கறுக்கும், மேல் நார் பஞ்சுபஞ்சாக எழும்பும், அதைச் சரி பண்ண இழைப்புளிதான் போட வேண்டியிருக்கும். பட்டது போதும் என்று ஆசாரியே சொல்லிவிட்டார்.

கீல் இல்லாமல் மேலும் கீழும் நீட்டிய குடுமியில் சுழல்கிற குடுமிக் கதவு என்பதால் கீழ்க்குடுமி தேய்ந்து கதவு ஒரு பக்கம் இறங்கித் தரையை உரசிக்கொண்டிருந்தது. அடியை இழைத்துக் குட்டையாக்காமல், குடுமி உட்காரும் குழியில் பித்தளைத் தகடு ஒன்று வெட்டிப் போட்டதும் கதவு எழும்பி நின்றுவிட்டது.

இனி மேல்பூச்சு. மச்சுப் பலகைக்குக் காய்ச்சிய லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) இரண்டு கை. முதல் கைக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி, அடுத்ததற்கு எண்ணெய் இரண்டு பங்கு. தடவி அரைமணி நேரம் விட்டு, மரம் குடிக்காமல் மேலே நிற்பதை ஒரு சொட்டு விடாமல் துடைத்து எடுத்துவிட வேண்டும், விட்டால் அது பிசினாகி ஒட்டும். துடைத்த துணியை உருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றைக் குடித்துத்தான் காய்கிறது, அப்போது சூடு கிளம்பும், சுருட்டிக் கிடக்கும் துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். பருத்தியும் வைக்கோலும் இருக்கிற வீட்டில் இதைவிட முக்கியமான எச்சரிக்கை எதுவும் இல்லை. ஒவ்வொரு துணியையும் விரித்துக் கொடியில் காயப்போட்டோம், அல்லது வாளித் தண்ணீரில் முக்கி வைத்தோம்.

உள்கதவுகளுக்குத் திரும்ப அரக்கையே போட்டோம். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில், ராத்திரி முழுக்க ஊறவிட்டு வடிகட்டி, துணிப் பந்தால் மெல்லிசாகப் பல தடவை. பழைய அரக்கு மேல் புதுசு கரைந்து ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்பதால் பழையதைச் சுத்தமாக எடுக்கவே தேவையில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் வெள்ளை பூக்கும், சூடு பட்டால் தடம் விழும், அதனால் தலைவாசலுக்கும் மச்சுத் தரைக்கும் அரக்கு வேண்டாம். தலைவாசலுக்கு எண்ணெய் மட்டும்.

பலகை இடுக்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு அரைகுறைதான். மரத்தூளையும் பசையையும் குழைத்து இடுக்கை அடைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நம் ஊரில் சித்திரையில் மரம் எலும்பாகக் காய்கிறது, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்று இன்னும் உறிஞ்சுகிறது, ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் அதே மரம் ஊதுகிறது. பத்து அங்குலத் தேக்குப் பலகையின் ஈரப்பதம் 5 சதவீதம் மாறினால் அகலம் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறும். தேக்கு மற்ற மரங்களை விடக் குறைவாக அசைகிற மரம், அதற்கே இந்தக் கணக்கு. சித்திரையில் இடுக்கை இறுக்கமாக அடைத்தால் ஐப்பசியில் பலகை போக இடமில்லாமல் முதுகு வளையும், அல்லது அடைத்தது பிதுங்கி வெளியே வரும். அதனால் சிறு இடுக்குகளை அப்படியே விட்டோம். கடலைக்காய் விழுகிற அளவுக்கு அகன்றிருந்த நாலைந்து இடங்களில் மட்டும் தேக்குச் சீவலை வைத்து, ஒரு பக்கத்துப் பலகையோடு மட்டும் பசை போட்டு ஒட்டினார் ஆசாரி. மறுபக்கம் சும்மா நிற்கும், பலகை வரும் போகும்.

சமையல்கட்டுக்கு மேலே உள்ள பனங்கைகளை (கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்கள்) தொடவில்லை. புகை படிந்து கறுத்திருக்கின்றன, ஆனால் தட்டினால் கணீர் என்கின்றன, அதில் எடுக்க வேண்டியது எதுவும் இல்லை. மச்சுக்கு ஈரத் துணி போட்டுத் துடைக்க வேண்டாம், விளக்குமாறு போதும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மூட்டை இழுத்த தடத்துக்கு எண்ணெய் அவ்வளவாக இறங்கவில்லை, அங்கே மட்டும் தையில் காற்று காய்ந்திருக்கும்போது இன்னொரு கை போட வேண்டும், ஒட்டுப் போட்ட உத்திர நுனியையும் அப்போதே ஒரு தடவை குத்தூசி வைத்துப் பார்த்துவிடுவோம்.